வெள்ளிக்கிழமைக் கரிநாள்

எங்கள் தெருவில் காணும் பொங்கல் என்ற பெயர் அவ்வளவாகப் புழங்கியதில்லை. பொங்கலுக்கு மூன்றாம் நாள் என்றால் கரிநாள். பஞ்சாங்கத்தைப் பார்த்தால் தை 1, 2, 3 மூன்றுமே கரிநாள்தான். நல்ல காரியம் எதையும் தொடங்கக் கூடாது. முதல் இரண்டு நாளும் பானையும் மாடுமாகப் போய்விடுவதால், பெயர் மூன்றாவது நாளுக்கு மட்டும் ஒட்டிக்கொண்டது என்று நினைக்கிறேன். அரசாங்க விடுமுறைப் பட்டியலில் அது உழவர் திருநாள்.

எங்கள் ஊரான கீழப்பழுவூர் அரியலூரிலிருந்து திருவையாறு வழியாகத் தஞ்சாவூர் போகும் சாலையில் இருக்கிறது. சுற்றுவட்டாரம் முழுக்கச் சுண்ணாம்புக்கல் பூமி. சிமெண்ட் ஆலைகளுக்குப் போகும் லாரிகளின் சத்தத்தில்தான் நாங்கள் வளர்ந்தோம். பொங்கல் நாட்களில் அந்தச் சத்தம் குறையும். கரிநாளன்று காலையில் விழித்தால் முதலில் தெரிவது அதுதான். புழுதி அடங்கியிருக்கும். வாசலில் நேற்றைய கோலம் பாதி மிதிபட்டுக் கிடக்கும். கரும்புச் சக்கை, மஞ்சள் கொத்தின் வாடிய இலை, கொம்பில் பூசிய வர்ணம் கழுத்தில் வழிந்து காய்ந்த மாடு.

அம்மா திண்ணையில் காலை நீட்டி உட்கார்ந்திருப்பாள். ஆண்டு முழுவதிலும் அவள் காலை நீட்டி உட்கார்ந்து நான் பார்த்த காலை அது ஒன்றுதான். சித்தி வருவாள், எதிர்வீட்டு அத்தை வருவாள். பேச்சுகூடக் கொஞ்சம்தான். சில வீடுகளில் அன்றைக்குக் கறி எடுப்பார்கள். எங்கள் வீட்டில் அம்மா விடமாட்டாள். அடுப்பு ஒரே ஒரு தடவைதான் எரியும். இரண்டு நாளாக மிஞ்சிய கூட்டுக்குழம்பையும் பொரியலையும் ஒரே சட்டியில் போட்டுச் சுண்டவைத்த சுண்டக்கறி, அதற்குப் பழைய சோறு. பரங்கிக்காயும் சர்க்கரைவள்ளியும் மொச்சையும் தனித்தனி ருசியை விட்டுவிட்டு ஒன்றாகியிருக்கும். பொங்கல் சாமிக்கு, மறுநாள் மாட்டுக்கு, கரிநாள் எங்கள் வீட்டுப் பெண்களுக்கு. யாரும் அப்படி வகுத்துச் சொன்னதில்லை. நான் பார்த்தது அது.

வர்ஜீனியாவுக்கு வந்து 16 ஆண்டுகள் ஆகின்றன. இந்த மாநிலச் சட்டமன்றம் 2017இல் ஒரு தீர்மானம் போட்டு ஜனவரி 14ஐப் பொங்கல் நாளாக அறிவித்தது. செய்தியைப் படித்தபோது கண் கலங்கியது உண்மை. ஆனால் விடுமுறை கிடையாது. 2025இல் பொங்கல் செவ்வாய்க்கிழமை வந்தது. விடிவதற்கு முன் மின்னடுப்பில் பால் பொங்கியது, பிள்ளைகள் அரைத்தூக்கத்தில் ‘பொங்கலோ பொங்கல்’ என்றார்கள், எட்டு மணிக்கு நான் காரில் இருந்தேன். வியாழக்கிழமை காலை, அலுவலக வாகன நிறுத்துமிடத்திலிருந்து ஊருக்குப் போன் போட்டேன். அங்கே சாயங்காலம்.

“என்னம்மா பண்ணிக்கிட்டிருக்க?”

“ஒண்ணும் பண்ணலடி. கரிநாளாச்சே.”

காரை விட்டு இறங்க எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. பண்டிகையைக் கடல் தாண்டிக் கொண்டுவந்துவிட்டோம். பானை வந்தது, கரும்பு வந்தது, மஞ்சள் கொத்துகூட இந்தியக் கடையில் கிடைக்கிறது. அதன் மறுநாளைத்தான் கொண்டுவர முடியவில்லை. ஊரே சேர்ந்து வேலையை நிறுத்தினால்தான் அப்படி ஒரு நாள் உண்டாகும். தனி ஒருத்தி விடுப்பு எடுத்து அதை உண்டாக்க முடியாது. நான் எடுத்துப் பார்த்திருக்கிறேன். தெருவில் குப்பை வண்டி வருகிறது, பிள்ளைகள் பள்ளிக்குப் போய்விடுகிறார்கள், வீடு வெறுமனே காலியாக இருக்கிறது.

எனக்கு அந்த நாள் கடைசியில் வேறொரு மாதத்தில் கிடைத்தது. நவம்பரின் நான்காவது வியாழக்கிழமை இந்த நாட்டில் நன்றி நவிலும் திருநாள். 1863இல் லிங்கன் நாடு முழுவதற்கும் அறிவித்தார். நான்காவது வியாழன் என்று நாடாளுமன்றம் சட்டமாக்கியது 1941இல். அதுவும் அறுவடை விருந்துதான். வர்ஜீனியாவில் மறுநாள் வெள்ளியும் அரசு விடுமுறை. பள்ளி இல்லை, எங்கள் அலுவலகமும் இல்லை.

சென்ற ஆண்டு அந்த வியாழன் எங்கள் வீட்டில் ஐந்து குடும்பம். வான்கோழி ஒருவர் வீட்டிலிருந்து, பிரியாணி ஒருவர் வீட்டிலிருந்து, யாழ்ப்பாணத்துத் தோழி கொண்டுவந்த கத்தரிக்காய்ப் பால்கறி, நான் செய்த ஊர்க் கூட்டுக்குழம்பு, பக்கத்து வீட்டு அம்மையார் கொடுத்தனுப்பிய பரங்கிக்காய் ‘பை’ பலகாரம். இரவு பதினொரு மணிக்குக் கடைசிக் கார் போனது.

மறுநாள் காலை கீழே இறங்கி வந்தபோது அந்த அமைதி அங்கே நின்றது. தெருவில் ஒரு கார் நகரவில்லை. கம்பளத்தில் யாரோ ஒரு குழந்தையின் ஒற்றைக் காலுறை. நான் மிஞ்சியதையெல்லாம் ஒரே சட்டியில் கொட்டிச் சுண்டவைத்தேன்.

சட்டியைக் கிளறும்போதுதான் அந்த நினைப்பு வந்தது. பரங்கிக்காயும் சர்க்கரைவள்ளியும் இந்த அமெரிக்கக் கண்டங்களின் பயிர்கள். இங்குள்ள பூர்வகுடிகள் பல்லாயிரம் ஆண்டுகள் வளர்த்துத் தேர்ந்தெடுத்தவை. பரங்கியர் கப்பல்கள் வந்த பிறகுதான் அவை நம் கொல்லைக்கு வந்தன. காயின் பெயரே அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. எங்கள் பாட்டி பொங்கல் படையலில் வைத்த காய் இந்த மண்ணிலிருந்து போனது. அதை வளர்த்தவர்களின் வழிவந்தவர்களில் பலருக்கு அந்த வியாழன் கொண்டாட்டம் இல்லை. 1970 முதல் பிளிமத்தில் கூடி அதைத் துக்க நாளாக அனுசரிக்கிறார்கள். அவர்களுக்கு அதுதான், நாம் கறுப்புக்கொடி ஏற்றும் பொருளில், கரிநாள். 2009இல் வந்த ஒரு சட்டம் மறுநாள் வெள்ளியைப் பூர்வகுடி மரபு நாள் என்று ஏற்றது. இது என் பிள்ளைகளின் வகுப்புத் தோழர்களில் பலருக்குத் தெரியாது. அந்த வெள்ளிக்கு எல்லாரும் அறிந்த பெயர் பிளாக் ஃபிரைடே. கூட்டமும் நெரிசலும் தாங்காத ஃபிலடெல்பியா போலீஸ்காரர்கள் 1950களிலும் 60களிலும் அலுத்துப்போய்ச் சொன்ன பெயர் அது. வியாபாரக் கணக்கு நஷ்டச் சிவப்பிலிருந்து லாபக் கறுப்புக்கு மாறும் நாள் என்ற விளக்கம் பின்னால் ஒட்டியது. ஒரே நாளுக்கு இத்தனை பேர். எங்கள் வீட்டில் இன்னொரு பேரும் சேர்ந்திருக்கிறது. கடைக்குப் போகமாட்டோம், எதையும் தொடங்கமாட்டோம், சுண்டக்கறி சாப்பிடுவோம். சாப்பிடும்போது அந்தக் காய்கள் யாருடையவை என்று பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். அதைச் சொல்லாமல் பரிமாற எனக்கு மனம் ஒப்பவில்லை.

எங்கள் ஊரும் வந்து குடியேறியவர்களுக்கு இடம் கொடுத்த ஊர்தான். ஏழாம் நூற்றாண்டில் சம்பந்தர் பாடிய பழுவூர்ப் பதிகத்தில் மலையாள அந்தணர்கள் அங்கே வழிபட்டதைச் சொல்லியிருக்கிறார். ஊரை ஆண்ட பழுவேட்டரையர்களையும் சேர வழியினர் என்று சோழர் செப்பேடு சொல்கிறது. ஆலந்துறையார் கோயில் பிராகாரத்தில் ஓடி விளையாடிய வயதில் இது எனக்குத் தெரியாது. மலை தாண்டி வந்த அந்தக் குடும்பங்களின் பெண்கள் தங்கள் ஊர்ப் பண்டிகைக்கு மறுநாள் காலையில் என்ன செய்திருப்பார்கள்? இங்கே பனியைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது அவர்களைப் பற்றி நிறைய யோசிக்கிறேன்.

அந்த வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்கு அம்மா தானே போன் போட்டாள். ஊரில் அப்போது இரவு ஏழரை.

“என்னடி பண்ற?”

சோபாவில் காலை நீட்டியிருந்தேன். “ஒண்ணும் பண்ணலம்மா.”

“சரி, இரு,” என்றாள்.

அவள் போனை வைக்கவில்லை. தூரத்தில் லாரி ஒன்று கியர் மாற்றி ஏறும் சத்தம் கேட்டது. நானும் வைக்கவில்லை.