போக வேண்டாம் என்று சொல்பவர்கள்

பனிப்புயலைவிட, அது ஓய்ந்து வெயில் பளிச்சென்று அடிக்கும் முதல் நாளுக்குத்தான் காஷ்மீரிலுள்ள குல்மார்க்கின் பனிச்சறுக்கு வழிகாட்டிகள் பயப்படுகிறார்கள். யாரும் கால் வைக்காத புதுப்பனியைக் கண்டதும் வெளியூர்க்காரர்களுக்குக் கால் பரபரக்கும். ஆனால் இரவெல்லாம் கொட்டிய பாரம் அடியிலுள்ள பழைய பனியோடு இறுகிக்கொள்ள ஓரிரு நாளாவது வேண்டும்; அதற்குமுன் சறுக்கினால் பனிச்சரிவு கிளம்பலாம். ஊர் திரும்ப டிக்கெட் போட்டுவிட்டு வந்தவர்களிடம் அந்தப் பொறுமை ஏது?

நான் போயிருந்தபோது கோண்டோலா ரோப்காரின் இரண்டாம் கட்டத்தை நிறுத்திவைத்திருந்தார்கள். அஃபர்வாட் மலையில் ஏறக்குறைய 3,950 மீட்டர் உயரத்துக்கு ஆட்களை ஏற்றிவிடுவது அதுதான். கவுன்டரில் ஒரே கூச்சல். நான் டங்மார்க் பக்கத்து வழிகாட்டி ஒருவரோடு ஒட்டிக்கொண்டேன். ஐம்பது வயதிருக்கும்; கையுறையின் விரல் நுனிகளில் ஒட்டுப் போட்டிருந்தார். சிறுவயதில் சுற்றுலாப் பயணிகளை மரச்சறுக்கு வண்டியில் உட்காரவைத்து இழுத்தவராம்.

கிளம்புவதற்கு முன் எங்களை வரிசையாக நடக்கவிட்டு, ஒவ்வொருவர் நெஞ்சிலும் கட்டியிருந்த டிரான்சீவரின் 'பீப்' ஒலியைக் காது கொடுத்துக் கேட்டார். புதைந்தவரைத் தேட உதவும் கருவி அது. எந்த நாட்டில் வாங்கினாலும் அதன் அலைவரிசை 457 கிலோஹெர்ட்ஸ்தான். அதோடு துழாவுகிற நீளக்கம்பியும், தோண்டுகிற ஷவலும் எல்லோர் முதுகிலும் இருந்தாக வேண்டும். புதைந்தவரை முதல் பத்து நிமிடத்துக்குள் வெளியே எடுத்தால் பத்தில் ஒன்பது பேர் பிழைப்பார்கள். அரை மணியைத் தாண்டினால் மூன்றில் ஒருவர் பிழைத்தாலே பெரிது. மீட்புக்குழு வந்து சேர்வதற்குள் கணக்கு முடிந்துவிடும். கூட வந்தவர்கள்தான் காப்பாற்ற வேண்டும். 2016 பிப்ரவரியில் சியாச்சினில் மெட்ராஸ் ரெஜிமென்ட் வீரர்கள் 10 பேர் புதைந்தார்களே, அவர்களில் நால்வர் தமிழ்நாட்டுக்காரர்கள். அந்தப் பத்துப் பேரில், ஆறு நாள் கழித்து உயிரோடு எடுக்கப்பட்ட ஹனுமந்தப்பா அரிதிலும் அரிது. அவரும் சில நாளில் இறந்துபோனார்.

மரங்களைத் தாண்டியதும், சரிவு குறைந்த ஒரு மேட்டில் நெஞ்சளவு குழி தோண்டினார். குழியின் சுவரைக் கையுறையால் வழித்ததும் அந்தக் குளிர்காலம் முழுக்க அடுக்கடுக்காகத் தெரிந்தது. மேலே பஞ்சுப்பனி. அதன்கீழ், மலையின் மறுபக்கத்திலிருந்து காற்று வாரிக்கொண்டுவந்து இறுக்கிய பாளம். அடியில் இருந்ததை என் கையில் கொட்டினார்: ரவை மாதிரி உதிர்ந்தது. பருவத் தொடக்கத்தில் பனி மெல்லியதாக இருந்து, குளிர் கடுமையாக இருந்தால் இப்படிப் பொலபொலத்துவிடும். கெட்டியான பாளம் இந்த மணிகள்மேல் உட்கார்ந்திருப்பதுதான் ஆபத்து.

பிறகு முப்பது சென்டிமீட்டர் அகலத்துக்கு ஒரு தூணை நறுக்கி, ஷவலைத் தலைகீழாக அதன்மேல் வைத்துத் தட்டினார். மணிக்கட்டை மட்டும் அசைத்துப் பத்துத் தட்டு, அடுத்து முழங்கையிலிருந்து பத்து, கடைசியாகத் தோளிலிருந்து பத்து என்பது முறை. முழங்கையால் தட்டத் தொடங்கியதுமே பாளம் அப்படியே நழுவி அவர் முழங்காலில் வந்து விழுந்தது. எதிரே இருந்த பெரிய சரிவைக் காட்டி, "அங்கேயும் இதே பனிதான் ஜனாப், சாய்வு மட்டும் கூட" என்றார். 30 முதல் 45 டிகிரி வரை சாய்ந்த சரிவுகளில்தான் பெரும்பாலான பாளங்கள் பிடுங்கிக்கொள்கின்றன. சிக்குகிறவர்களில் பெரும்பாலோர், தாங்களோ கூட வந்தவர்களோ கிளப்பிவிட்ட பனிச்சரிவில்தான் சிக்குகிறார்கள். அதைத் தவிர்க்க முடியும் என்பதே எனக்குப் பெரிய செய்தியாக இருந்தது.

திரும்பும்போது சாய்வு குறைந்த மேட்டு வழியாக, ஒருவர் கடந்து ஒதுங்கிய பிறகே அடுத்தவரை விட்டார். பெரிய சரிவின் அடிவாரத்தில் நின்று படம் எடுக்கவும் அனுமதிக்கவில்லை. மேலே உடைந்தால் வந்து சேருமிடம் அதுதான். இதே அஃபர்வாட்டில் 2023 பிப்ரவரி 1 அன்று போலந்து நாட்டவர் இருவர் பனிச்சரிவில் இறந்தார்கள்.

இந்தத் தொழிலில் இன்னொரு சிக்கல் கூலி. மேலே கூட்டிப்போனால் முழுச் சம்பளம். குழி தோண்டிப் பார்த்து "வேண்டாம்" என்றால் வந்தவர்கள் பேரம் பேசுகிறார்கள், சிலர் கொடுக்காமலே போகிறார்கள். சீசன் சில மாதங்கள்தான் என்பதால், வயிறு ஒரு பக்கம் இழுக்க, பனி ஒரு பக்கம் இழுக்க வழிகாட்டி முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. குல்மார்க்குக்குப் போகிறவர்கள் இதையாவது செய்யுங்கள்: பேசிய கூலியைக் காலையிலேயே கையில் கொடுத்து, போகாவிட்டாலும் இது உங்களுடையதுதான் என்று சொல்லிவிடுங்கள்.