குழந்தையின் கண் போகும் இடம்

எமது சமூகத்தில் ஒருவரைக் கௌரவிப்பதென்றால் பொன்னாடை, வாழ்த்துப்பா, நீண்டதொரு பதவிப் பட்டியல் என்று ஒரு முறை உண்டு. பட்டியலை வாசிப்பவருக்கு மூச்சு வாங்கும். அந்தப் பதவியிலிருந்து அவர் யாருக்கு என்ன செய்தார் என்பது கடைசியில் ஒரு வரியாக வந்து போகும். ஊடகத்துறையில் உயர்ந்தவர்களைப் பாராட்டும் மேடைகளில் இது இன்னும் அதிகம். ஒரு தொலைக்காட்சி நிர்வாகியை எதைக் கொண்டு மதிப்பது என்று என்னிடம் கேட்டால், அமெரிக்கப் பெண்மணி ஒருவரைத்தான் காட்டுவேன். பெயர் ஜோன் கான்ஸ் கூனி. (கூனி என்றதும் எங்கள் பக்கத்து வாசகர்களுக்குச் சம்பல் நினைவு வரும். பொறுத்துக்கொள்ளட்டும்.)

1929இல் அரிசோனா மாநிலத்தில் பிறந்தவர். பல்கலைக்கழகத்தில் கல்வியியல் படித்தார். பத்திரிகை நிருபராக இருந்தார். 1962 முதல் நியூயோர்க் கல்வித் தொலைக்காட்சி நிலையமொன்றில் ஆவணப்படங்கள் தயாரித்தார். ஹார்லெம் பகுதி ஏழைப் பிள்ளைகளுக்கான முன்பள்ளி முயற்சியொன்றைப் பற்றியும் படமெடுத்தார். அந்தப் பிள்ளைகள் பாடசாலைக்கு வரும்போதே பின்தங்கி வருகிறார்கள் என்ற உண்மை அவரை விடவில்லை.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. வருடாவருடம் தரம் ஒன்றில் காண்கிறேன். ஒரு பிள்ளை தன் பெயரை எழுதப் பழகிக்கொண்டு வரும். கூலிக்குப் போகும் வீட்டுப் பிள்ளைக்குப் புத்தகத்தை எந்தப் பக்கமிருந்து திறப்பதென்றே தெரியாது. ஆனால் அந்த வீட்டிலும் ஒரு தொலைக்காட்சிப் பெட்டி இருக்கும்.

1966இல் கூனியின் வீட்டு இரவு விருந்தில் கார்னேகி நிறுவனத்தைச் சேர்ந்த லொயிட் மொரிசெட் தன் சிறு மகளைப் பற்றிச் சொன்னார். நிகழ்ச்சிகள் தொடங்குமுன் திரையில் அசையாமல் நிற்கும் சோதனைக் கோலத்தின் முன்னால்கூட அவள் காத்திருப்பாளாம். இவ்வளவு ஈர்க்கும் பெட்டி எதையேனும் கற்பிக்காதா என்ற பேச்சு அங்கே பிறந்தது. கூனி அதை ஆராய்ந்து ஓர் அறிக்கை எழுதினார். 1968இல் எண்பது இலட்சம் டொலர் திரட்டப்பட்டது. அதில் பாதி அரசாங்கப் பணம். தலைமைக்கு ஒரு பெண்ணா என்று சிலர் தயங்கினார்கள். இரண்டாம் இடம் தனக்கு வேண்டாம் என்று அவர் உறுதியாக நின்று முதலிடத்தைப் பெற்றார். 1969 நவம்பர் 10ஆம் திகதி 'செஸமி ஸ்ட்ரீட்' ஒளிபரப்பானது.

நான் மிகவும் மதிப்பது அதற்கு முந்திய வேலையை. எட்வர்ட் பாமர் என்ற ஆய்வாளர் ஒரு பிள்ளையைத் தொலைக்காட்சி முன் இருத்தி, பக்கத்தில் இன்னொரு திரையில் படங்களைச் சில விநாடிக்கொன்றாக மாற்றிக்கொண்டிருப்பார். பிள்ளையின் கண் எப்போது நிகழ்ச்சியை விட்டு அந்தப் படங்களுக்குத் தாவுகிறது என்று குறித்துக்கொள்வார்கள். கண் தாவினால் அந்தப் பகுதி சரியில்லை. 1969 ஜூலையில் பரீட்சார்த்த நிகழ்ச்சிகளைப் பிலடெல்பியாவில் பிள்ளைகளுக்குக் காட்டியபோது, பாவைகள் வந்தால் பார்த்தார்கள், பெரியவர்கள் மட்டும் தெருவில் நின்று பேசினால் பார்க்கவில்லை. நிஜத்தையும் கற்பனையையும் கலக்கக்கூடாது என்று உளவியலாளர்கள் சொல்லியிருந்தார்கள். பிள்ளைகளின் கண் வேறு தீர்ப்புச் சொன்னது. தீர்ப்பைத் தந்தது நான்கு வயதுக்காரர்கள் என்பதால் கூனியின் குழு அதை ஒதுக்கிவிடவில்லை. தெருவுக்குள்ளேயே பாவைகளைக் கொண்டுவந்தார்கள். 'பிக் பேர்ட்' என்ற அந்த நெடிய மஞ்சள் பறவை பிறந்தது அப்படித்தான்.

வெள்ளையரும் கறுப்பரும் ஒரே தெருவில் வாழ்வதாகக் காட்டியதற்காக 1970 மே மாதம் மிசிசிப்பி மாநிலக் கல்வித் தொலைக்காட்சி ஆணைக்குழு அதைத் தடுத்தது. எதிர்ப்பு எழ, சில வாரங்களிலேயே தடை நீங்கியது. 1979இல் குவைத்தில் தயாரான அரபு வடிவத்துக்கு, அலிபாபா கதையில் குகையைத் திறக்கும் அந்தச் சொல்லையே பெயராக்கினார்கள்: 'இஃப்தஹ் யா ஸிம்ஸிம்'. பல நாட்டுப் பிள்ளைகளுக்கும் விளங்கும் எளிய பொது அரபு அதில் பேசப்பட்டது. ஊருக்கூர் பேச்சு மாறும் எங்களுக்கு அந்தச் சிரமம் தெரியும்.

புகழ்ச்சி மட்டும் சொன்னால் அது வாழ்த்துப்பா ஆகிவிடும். 1975இல் தோமஸ் குக் என்ற ஆய்வாளரும் சகாக்களும் ஒரு கேள்வி எழுப்பினார்கள். வசதியான வீடுகளில் தாய் பக்கத்திலிருந்து ஊக்கப்படுத்திப் பார்க்க வைப்பதால், இடைவெளி குறையாமல் கூடிவிடலாமே என்றார்கள். நியாயமான கேள்விதான். ஏழைக் குடியிருப்புகளில் பிள்ளைகளைக் கூட்டி வைத்துப் பார்க்கும் நிலையங்களை ஈவ்லின் டேவிஸ் என்பவரின் தலைமையில் நிறுவனம் அமைத்ததற்கும் இதே கவலைதான் காரணம். 2015இல் வெளிவந்த ஆய்வொன்று, ஒளிபரப்பு தெளிவாகக் கிடைத்த இடங்களையும் கிடைக்காத இடங்களையும் ஒப்பிட்டது. கிடைத்த இடத்துப் பிள்ளைகள் தம் வயதுக்குரிய வகுப்பில் இருக்கும் வாய்ப்புக் கூடியிருந்தது. வறிய பகுதிகளில் அந்தப் பயன் தெளிவாகத் தெரிந்தது.

கூனி 1990வரை தலைமைப் பதவியில் இருந்தார். 1995இல் ஜனாதிபதியின் சுதந்திரப் பதக்கம் கிடைத்தது. பட்டியல் அவ்வளவுதான், எனக்கு முக்கியமாகப் படுவது 1983இல் நடந்தது.

2005 ஜனவரியில், சுனாமிக்குப் பிறகு பாடசாலை திறந்தபோது நான் இளம் ஆசிரியன். இடாப்பைக் கையில் எடுத்தேன். ஒரு பிள்ளை பக்கத்து வெறும் கதிரையைக் காட்டி, "சேர், இவன் எப்ப வருவான்?" என்று கேட்டது. வகுப்பு முழுவதும் என் முகத்தைப் பார்த்தது. ஆறு வயதுக்கு மரணத்தை எந்தச் சொல்லில் சொல்வதென்று என்னிடமிருந்த எந்தக் கைந்நூலிலும் இருக்கவில்லை.

அந்தத் தெருவின் கடைக்காரர் ஹூப்பராக நடித்த வில் லீ 1982 டிசம்பரில் இறந்துபோனார். வேறொருவரை நடிக்க வைத்திருக்கலாம், ஓய்வுபெற்று ஊர் மாறிப்போனதாகச் சொல்லியிருக்கலாம். அவர்கள் இரண்டையும் செய்யவில்லை. பிள்ளை வளர்ப்பு அறிஞர்களோடு கலந்து பேசி, அவர் இறந்துவிட்டார், இனி வரமாட்டார் என்று நேரான சொல்லில் அந்த மஞ்சள் பறவைக்குப் பெரியவர்கள் சொல்வதாக எழுதினார்கள். ஒளிபரப்புக்குத் தேர்ந்த நாள் 1983 நவம்பர் 24, நன்றி நவிலல் விடுமுறை. அன்று பெற்றோர் வீட்டில் இருப்பார்கள். பிள்ளை திரும்பி ஒரு கேள்வி கேட்டால் பதில் சொல்லப் பக்கத்தில் ஒருவர் வேண்டுமல்லவா?