காகதாலீயமும் கணிப்பொறியும்

காகம் பனைமரத்தில் வந்தமர்ந்த கணத்தே பனம்பழம் வீழுமாயின், காகமே அதனை வீழ்த்திற்றென்று கொள்ளுதல் மாந்தர் இயல்பு. வடநூலார் இதனைக் காகதாலீய நியாயம் என்று வழங்குவர். இந்நியாயம் இக்காலத்தில் மிகுதியாகக் காணப்பெறும் பொழுது யாதெனின், கணிப்பொறியின் இயங்குதளம் புதுப்பிக்கப்பெற்ற மறுநாட் காலையே என்று யாம் தயங்காது கூறுவோம். இரவு புதுப்பிப்பு நிகழ்கின்றது. காலையில் உலாவியைத் திறந்தால் எப்பக்கமும் வருவதில்லை. உடனே பழி முழுதும் புதுப்பிப்பின் தலைமேல் ஏறுகின்றது. சில வேளை அப்பழி பொருந்தும். பல வேளை பொருந்தாது. இதனைத் தெளிதற்கு, 'இணைப்பு' என்னும் ஒரு சொல்லினுள் எத்தனை செயல்கள் அடங்கிக் கிடக்கின்றன என்பதை முதற்கண் உணர்தல் வேண்டும்.

கணிப்பொறி முதலில் வைஃபையாலோ கம்பியாலோ ரௌட்டரோடு பிணைதல் வேண்டும். பின்னர் அதனிடமிருந்து ஓர் எண் முகவரி பெறுதல் வேண்டும், அம்முகவரி 169.254 என்று தொடங்குமாயின், கேட்டும் கிடைக்காமையால் கணிப்பொறி தனக்குத் தானே ஒன்றைச் சூட்டிக்கொண்டது என்பது பொருள். அதன்பின், நாம் எழுதும் தளப்பெயரை எண்ணாக மாற்றித் தருமாறு, 1983ஆம் ஆண்டில் வகுக்கப்பெற்ற டி.என்.எஸ். என்னும் பெயரேட்டை வினவுதல் வேண்டும். எண் கிடைத்த பின்னர் அத்தளத்தை அணுகி, அது காட்டும் சான்றிதழை ஆராய்ந்து, மறைமொழிக்கு இருபாலும் உடன்பட்ட பின்னரே பக்கம் வருகின்றது. இவற்றுள் எது தடைப்படினும் காண்போர் சொல்வது 'நெட் வரவில்லை' என்னும் ஒன்றே. தலைவலிக்கும் வயிற்றுவலிக்கும் சுரத்திற்கும் 'உடம்பு சரியில்லை' என்று மட்டும் உரைப்பாரை வைத்துக்கொண்டு மருத்துவர் என் செய்வார்?

ஆகலின் யாம் கைக்கொள்ளும் முறை எளிது. அதே வைஃபையில் கைப்பேசி பக்கங்களைத் திறக்கின்றதா என்று பார்ப்போம். திறப்பின் ரௌட்டரும் அதற்கு அப்பாற்பட்ட பாதையும் குற்றமற்றன. பின்னர் 8.8.8.8 என்னும் எண்ணைப் 'பிங்' கட்டளையால் அழைப்போம். எண் விடையிறுக்கப் பெயர் விடையிறாதாயின், பிழை பெயரேட்டின்கண் உளது. இரண்டும் விடையிறுத்தும் உலாவி மட்டும் மறுக்குமாயின், மற்றோர் உலாவியைத் திறந்து நோக்குவோம். ஒரு வேளையில் ஒன்றையே மாற்றுதல் இம்முறையின் உயிர்நிலை. ஐந்தை ஒருங்கே மாற்றியவர்க்கு நோய் தீரினும் மருந்து இன்னதென்று தெரியாது.

2024ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில், விடுதி மாணவர் ஒருவர் உதவித்தொகை விண்ணப்பத்தை இணையவழி அனுப்புதற்குரிய இறுதி நாளன்று எம்மை அழைத்தார். மாலை 5 மணியோடு வாயில் அடைபடும். அப்பொழுது மணி 3.30. அவர்தம் சான்றுகளின் படிகள் யாவும் பொதுவறையிலிருந்த பழைய கணிப்பொறியினுள்ளே இருந்தன. பல மாதங்களாக யூ.பி.எஸ். துணையால் மின்சாரம் அறாது நின்ற அக்கணிப்பொறி, முன்னிரவு புதுப்பிக்கப்பெற்று, அணைக்கப்பெற்று, யூ.பி.எஸ்.உம் நிறுத்தப்பெற்றிருந்தது. சூழ நின்றோர் மூவர் மூன்று வைத்தியம் கூறினர். ஒருவர் புதுப்பிப்பை நீக்குக என்றார். மற்றொருவர் வைரசுத் தடுப்பையும் ஃபயர்வால் என்னும் காவலரணையும் நிறுத்துக என்றார். மூன்றாமவர், எச்சரிக்கைப் பக்கத்தின் அடியில் உள்ள வழியை அழுத்தி எவ்வாறேனும் உட்செல்லப் பார்க்க என்றார். மூன்றாவதே எம்மை அச்சுறுத்தியது. ஏனெனின், அம்மாணவர் உட்சென்று எழுதவிருந்தவை தம் ஆதார் எண்ணும் வங்கிக் கணக்கெண்ணும். சான்றிதழ் பொருந்தாத வாயிலில் அவற்றைக் கொடுத்தல், இருளில் நிற்பான் ஒருவனிடம் முகம் பாராது பணப்பையை நீட்டுதலை ஒக்கும்.

எச்சரிக்கையின் முதல் வரியை யாவரும் படித்திருந்தனர். அடுத்த வரியை ஒருவரும் படித்திலர். கணிப்பொறியின் கடிகாரம் பின்தங்கியுள்ளது என்று அது தெளிவாகவே கூறிற்று. திரையின் மூலையில் 2015ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள்! தாய்ப்பலகையில் பொருந்தியிருந்த காசளவு மின்கலம் வலியிழந்து கிடந்தமையால், வெளி மின்சாரம் நின்றவுடன் நாட்கணக்கு மறைந்துபோயிற்று. சான்றிதழ் ஒவ்வொன்றிற்கும் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. 2015இல் நிற்கும் கணிப்பொறிக்கு 2024ஆம் ஆண்டின் சான்றிதழ், இன்னும் பிறவாத ஒருவர் நீட்டும் பிறப்புச் சான்றே யன்றோ! உலாவி மறுத்தது முறையே. கடிகாரம் இணையத்தினின்று தானே திருந்தாதோ எனின், வேறுபாடு மிகப் பெரிதாயின் விண்டோஸ் அதனை ஏற்க மறுப்பதுண்டு. நாளைக் கையால் திருத்தினோம், பக்கம் விரிந்தது, 4.15 மணிக்கு விண்ணப்பம் சென்று சேர்ந்தது. புதிய மின்கலம் மறுநாள் கைக்கடிகாரக் கடையொன்றில் வாங்கப்பட்டது. 2032 என்பது அதன் பெயர். 20 மில்லிமீட்டர் குறுக்களவும் 3.2 மில்லிமீட்டர் கனமும் உடைமையின் அப்பெயர் பெற்றது.

புதுப்பிப்பு என்றும் குற்றமற்றதென்று யாம் வாதியோம். 2004ஆம் ஆண்டு ஆகஸ்டில் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பியின் இரண்டாம் சேவைத்தொகுப்பு, காவலரணைத் தானே இயக்கி வைத்தமையால், அதுகாறும் தடையின்றி இயங்கிய நிரல்கள் சில வழியிழந்தன. வி.பி.என்., வைரசுத் தடுப்பு முதலியவை பாதையின் நடுவே அமர்ந்திருப்பன ஆதலின், புதிய இயங்குதளத்தோடு ஒவ்வாது அப்பாதையை அடைத்துவிடுதலும் உண்டு. அவற்றின் புதிய பதிப்பை நிறுவுதலே தக்கது. நீக்கப்பெற்ற நிரல் விட்டுச்சென்ற பிராக்ஸி அமைப்பும் அத்தகையதே. இல்லாத இடையாளின் கதவை உலாவி ஓயாது தட்டிக்கொண்டிருக்கும். ஆயினும் புதுப்பிப்பையே களைய எண்ணுவார் ஒன்று கருதுதல் வேண்டும். 2017ஆம் ஆண்டு மார்ச்சில் வெளியிடப்பெற்ற திருத்தமொன்றைச் சேர்க்காத கணிப்பொறிகளையே அவ்வாண்டு மே மாதத்தில் வான்னாகிரை என்னும் கொடிய நிரல் பற்றிப் பரவி, இங்கிலாந்தில் மருத்துவமனைகள் பலவற்றின் பணியைத் தடுத்து நிறுத்திற்று.

விண்டோஸ் 7 உடைய பழங்கணிப்பொறிகளின் நிலை வேறு. 2020ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் நாளோடு அதற்குரிய பொதுத் திருத்தங்கள் நின்றன. 2023ஆம் ஆண்டு பிப்ரவரியில், 110ஆம் பதிப்போடு, குரோம் உலாவியும் அதனைக் கைவிட்டது. மேற்கூறிய சோதனைகள் அங்கே பெரிதும் பயன்படா. அத்தகைய கணிப்பொறிகள் இரண்டு எமக்குத் தெரிந்த நூலகமொன்றில் உள. அவற்றில் நூற்பட்டியல் மட்டுமே பார்க்கப்படுகின்றது. இணையக் கம்பியைக் கழற்றிவிட்டனர்.