சூளையின்றிப் பிறக்கும் கல்

சேத்தியாத்தோப்புக்கு அருகே, நெய்வேலிச் சுரங்கத்தை ஒட்டி அமைந்தது வளையமாதேவி. நெல் விளையும் ஊர். பரவனாற்றைத் திருப்பிவிடும் கால்வாய்க்காக, 2023 ஜூலையில் நின்ற பயிரின்மீதே மண்வெட்டும் இயந்திரங்கள் ஏறியபோது நாடெங்கும் இவ்வூர்ப் பெயர் ஒலித்தது. இத்தகைய வயலின் மேல்மண்ணை வெட்டிச் செங்கல் சுடுவதும் ஒருவகை இழப்பே அன்றோ?

இதற்கு மாற்று நெய்வேலியிலேயே உண்டு. அனல் நிலையங்களில் பழுப்பு நிலக்கரி எரிந்தபின் எஞ்சும் மென்சாம்பல், காற்றில் பறந்தால் மூச்சுக்குக் கேடு. குளத்தில் தேங்கினால் நிலத்துக்குக் கேடு. சாம்பலைப் பத்தாண்டுகளேனும் விலையின்றி வழங்குமாறு அனல் நிலையங்களுக்கு மத்திய அரசு 1999 செப்டம்பரில் ஆணையிட்டது. சிறு முதலாளிகள் பலர் சாம்பற்கல் தொழிலில் இறங்க இது கைகொடுத்தது.

சாம்பலுடன் மணலும், சிமெண்டோ சுண்ணாம்பும் ஜிப்சமுமோ சேர்த்து, அச்சில் அழுத்தி, நாள்தோறும் நீர் தெளித்து இறுகவிடுகின்றனர். சூளை இல்லை, விறகுச் செலவும் புகையும் இல்லை. அச்சிலிருந்து எடுக்கையில் உடைந்த பச்சைக்கல் உடனே கலவைக்கே திரும்புகிறது. சாம்பற் குவியலைத் தார்ப்பாயால் மூடுவது அண்டை வீட்டாருக்காக மட்டுமன்று; பறந்து போவது லாரி வாடகை கொடுத்துக் கொண்டுவந்த சரக்கு! தெளித்த நீர் வழிந்து தொட்டியில் சேருமாறு தரையைச் சரித்துவிட்டால் மோட்டார் ஓடும் நேரமும் குறையும்.

சிமெண்டில் சிக்கனம் பிடிப்போரின் கல் மட்டும் இறக்கும்போதே மூலை உதிரும். வீடு கட்டுவோர் இரு கற்களைத் தட்டி ஓசை கேட்டு வாங்குவது நன்று.