செத்தாப்பாக்கில் ஒரு வீடும் அப்பாவின் கையெழுத்துப் படமும்

உங்கள் வீட்டு இரும்புப் பெட்டியின் அடியில் பழைய நடிகர் படம் ஏதும் கிடக்கிறதா? கையெழுத்தோடு இருக்கிறதா? பக்கத்தில் எடுத்து வைத்துக்கொண்டு இதைப் படியுங்கள்.

நான் வளர்ந்த தோட்டத்தில் 1980களில் லயத்துக்கு ஒரு தொலைக்காட்சிப் பெட்டி இருந்தாலே பெரிது. மின்சாரம் நின்றுவிட்டால் கார் பேட்டரியை மாட்டுவோம். பி. ரம்லியின் 'பூஜாங் லாப்போக்' படம் என்றால் லயமே அந்த வாசலில் கூடிவிடும். 1957 முதல் 1961 வரை வந்த அந்த நான்கு சிரிப்புப் படங்களையும் எங்கள் தலைமுறை தொலைக்காட்சியில்தான் பார்த்தது. ரம்லி, சுடின், அஜிஸ் என்ற மூன்று கட்டைப் பிரம்மச்சாரிகளின் கூத்துக்கு, மலாய் புரியாத என் பாட்டியும் கண்ணில் நீர் வரச் சிரிப்பார்.

படம் முடிந்ததும் அப்பா பெட்டியைத் திறந்து பி. ரம்லியின் புகைப்படத்தை எடுத்துக் காட்டுவார். அதன் மூலையில் நடிகரின் கையெழுத்து. பால்மரம் சீவிய கையை நன்றாகக் கழுவித் துடைத்த பிறகே அதைத் தொடுவார்.

சென்ற ஆண்டு பழம்பொருள் வாங்கும் ஒருவர் அதைப் பார்த்தார். "பேனாவால் போட்டதென்றால் நல்ல விலை உண்டு. வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். மை பளபளப்புக்கு மேலே தனியாகத் தெரிய வேண்டும்" என்றார். இரவில் பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்தேன். மை மேலே இல்லை. கையெழுத்து படத்தோடு படமாகவே அச்சாகியிருந்தது. இரசிகர்களுக்கு மொத்தமாக அனுப்பும் படங்களில் ஒன்று அது. எண்பது கடந்த அப்பாவிடம் இதை எப்படிச் சொல்வது? உண்மை பேசுங்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்லும் வாத்தியாருக்கு வந்த சோதனை!

பள்ளி விடுமுறையில் அவரைக் கோலாலம்பூருக்கு அழைத்துப் போனேன். செத்தாப்பாக், ஜாலான் டெடாப்பில் பி. ரம்லி கடைசிவரை வாழ்ந்த வீடு இருக்கிறது. 1929இல் பினாங்கில் பிறந்த அவர் 1973இல் மறைந்தார். 1986 முதல் அந்த வீடு நினைவகம். தேசிய ஆவணக் காப்பகத்தின் பொறுப்பில் உள்ளது. மாளிகை என்று எண்ணிப் போகாதீர்கள். சாதாரண வீடுதான். அவருடைய உடைமைகளையும் படங்களையும் அப்பா ஒவ்வொன்றாக நின்று பார்த்தார். பி. ரம்லிக்கு முதன்முதலில் கதாநாயகன் வேடம் தந்த 'பக்தி' (1950) படத்தை இயக்கியவர் எல். கிருஷ்ணன், நம் தமிழர் என்று சொன்னேன். அப்பா மார்பை நிமிர்த்திக்கொண்டார்.

வெளியே வந்ததும் மெல்ல விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் வாடவில்லை.

"எனக்கு அப்பவே தெரியும்பா. பக்கத்துத் தோட்டத்துக்காரனுக்கும் அதே படம் வந்துச்சு. ஆனா, நானே மலாய்ல எழுதின மொத காயிதத்துக்கு வந்த பதில் அது. என் பேருக்குத் தபால் வந்ததே அதுதான் மொத தடவ. ஆபீசு வாசல்ல கிராணி என் பேரை உரக்கப் படிச்சாரு. அதுக்காகத்தான் வச்சிருக்கேன்."

எனக்குப் பேச்சு வரவில்லை. நான் பூதக்கண்ணாடியில் தேடியது வேறு, அவர் பெட்டியில் காத்தது வேறு.

அன்பர்களே, அப்படிப்பட்ட படம் உங்களிடம் இருந்தால் பிளாஸ்டிக் பூசி ஒட்டிவிடாதீர்கள். பிறகு பிரிக்க முடியாது. வெயில் படும் சுவரில் மாட்டாதீர்கள், மை வெளுத்துவிடும். நம் ஊர் ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும். உலர்ந்த இடத்தில், காற்றுப்புகாத டப்பாவில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு வையுங்கள். அது வீட்டுக்கு வந்த கதையையும் பெரியவர்களிடம் கேட்டு, ஒரு தாளில் எழுதிக் கூடவே வையுங்கள். அவர்கள் இருக்கும்போதே கேளுங்கள். நான் எழுதி வைத்துவிட்டேன்.