கழுவெளியில் ஒரு செருப்பு

பெருமுக்கல் மலைக்கோயிலில் சோழர் கல்வெட்டைத் தடவிப் பார்த்துவிட்டு இறங்கும்போதே முழங்கால் 'போதுமய்யா' என்றது. நான் கேட்கவில்லை. பூநாரை பார்க்க வேண்டுமே!

மரக்காணம் உப்பளங்களை ஒட்டிக் கிடக்கிறது கழுவெளி. எடையன்திட்டு கழிமுகம் வழியே உள்ளே வரும் கடல்நீர் மழைநீரோடு கலக்கிற பெரிய ஏரி. அதனால்தான் அத்தனை பறவைகள். மாசி வெயிலில் தூரத்தே ரோஸ் கலரில் ஒரு கோடு. இன்னும் கிட்டே போவோமே என்று காலை வைத்தேன். சளக்! முழங்கால் வரை சேறு. அதை இழுக்கப் போக, இன்னொரு காலும் உள்ளே! மனைவி அலறினாள்.

உப்பளத்திலிருந்து ஒரு அம்மா ஓடி வந்து, உப்பு வாரும் பலகையின் நீளக் கம்பை நீட்டினார். "ஆடாத சாமி! கம்பைக் கெட்டியாப் புடி!" வெடிப்பு விழுந்த அந்தக் கைகளில்தான் என்ன பலம்! நான் வந்துவிட்டேன். வலதுகால் செருப்பு வரவில்லை.

நூறு ரூபாய் நீட்டினேன். வாங்கவில்லை. "பட்சி சுடுற ஆளாக்கும்னு நெனைச்சு, சத்தம் போட்டுத் தொரத்தத்தான் ஓடியாந்தேன்" என்றார்.

அரசாங்கம் இதைச் சரணாலயமாக அறிவித்தது 2021-ல். இந்த அம்மாவை யாரும் காவலுக்கு வைக்கவில்லை.

"என்னைப் பார்த்தா வேட்டைக்காரன் மாதிரியா இருக்கு?" என்று மனைவியைக் கேட்டேன். அவள் என் ஒற்றைச் செருப்பைப் பார்த்தாள்.