பாடநூல் இல்லாத வகுப்பறை

தமிழ்நாட்டில் இளங்கலைப் பட்டம் பெறுவோரில் பெரும்பாலோர், தம் பட்டச் சான்றிதழில் பெயர் பொறிக்கப்பட்டுள்ள பல்கலைக்கழகத்தின் வளாகத்தை ஒருமுறைகூட மிதிக்காமலேயே படிப்பை முடித்துவிடக்கூடியவர்கள். 1857இல் லண்டன் பல்கலைக்கழகத்தை முன்மாதிரியாகக் கொண்டு நிறுவப்பட்ட சென்னைப் பல்கலைக்கழகம், தொடக்கத்தில் தேர்வு நடத்துவதையும் பட்டம் வழங்குவதையுமே தன் வேலையாகக் கொண்டிருந்தது; பாடம் நடத்தும் பொறுப்பு கல்லூரிகளிடம் இருந்தது. அந்த ஏற்பாட்டின் வழிவந்ததே இன்றைய இணைவுக் கல்லூரி முறை, அதாவது பாடத்திட்டத்தையும் இறுதித் தேர்வின் வினாத்தாளையும் பல்கலைக்கழகம் வகுக்க, வகுப்பறையைக் கல்லூரி நடத்தும் முறை. 1978 முதல் தன்னாட்சி பெறத் தொடங்கிய கல்லூரிகள் இவற்றைத் தாமே செய்துகொள்கின்றன என்றாலும், இணைவுக் கல்லூரி ஒன்றில் முதலாண்டு சேரும் மாணவர் எதிர்கொள்ளும் பேராசிரியர், தாம் நடத்தும் பாடத்திற்கான கேள்விகளைத் தாமே கேட்கப் போவதில்லை.

பள்ளியிலும் இதே நிலைதான் என்று சொல்லலாம். பிளஸ் டூ ஆசிரியரும் பொதுத்தேர்வு வினாத்தாளைத் தயாரிப்பதில்லை. ஆனால் அங்கே கேட்பவர், கற்பிப்பவர், எழுதுபவர் ஆகிய மூவருக்கும் பொதுவான ஒப்பந்தமாக அரசு அச்சிட்ட பாடநூல் இருந்தது. எது பாடம், எது பாடமில்லை என்பதை அதன் அட்டைகளே வரையறுத்தன. எந்தப் பத்தியின் கீழ்க் கோடிட வேண்டும், புத்தகத்தின் பின்பக்க வினாக்களில் எவை அடிக்கடி வரும், ஒரு மதிப்பெண் வினாவை எந்த வரியிலிருந்து எடுப்பார்கள் என்பதெல்லாம் பல ஆண்டுப் பழக்கத்தால் படிந்துபோன அறிவு. கல்லூரியின் முதல் வாரத்தில் மாறும் பலவற்றுள், சீருடை போவதும் மணியடிக்கும் நேரம் மாறுவதும் மேலோட்டமானவை. அந்த ஒப்பந்தம் ஓசையில்லாமல் காணாமல் போவதே மாணவரைப் பாதிக்கும் மாற்றம். அதை எவரும் அறிவித்துச் சொல்வதில்லை என்பதால் அது மாற்றம் என்றே பலருக்கும் புரிவதில்லை.

முதல் நாளில் பேராசிரியர் கையில் வருகைப் பதிவேடும் சுண்ணக்கட்டியும் இருக்கின்றன, புத்தகம் இருப்பதில்லை. எந்த வகுப்பிலும் தவறாமல் எழும் முதல் கேள்வி, "எந்த புக் சார் வாங்கணும்?" என்பதே. "சிலபஸ் எழுதிப் போடுகிறேன், லைப்ரரியில் பாருங்கள்" என்பது வழக்கமான பதில். சிலபஸ் எனப்படும் பாடத்திட்டம் பெரும்பாலும் ஐந்து அலகுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒவ்வோர் அலகும் இடைக்கோடுகளால் பிரிக்கப்பட்ட தலைப்புகள் நெருக்கமாக நிற்கும் ஒரு பத்தி. அதற்குக் கீழே 'பாடநூல்கள்' என்று இரண்டோ மூன்றோ, 'பார்வை நூல்கள்' என்று மேலும் சில. அந்தப் பத்தியில் இரண்டே சொற்களில் இருக்கும் ஒரு தலைப்பு ஒரு வார வகுப்புகளை எடுத்துக்கொள்ளக்கூடும். முழு வரியை அடைத்துக்கொண்டிருக்கும் இன்னொன்று பத்து நிமிடத்தில் முடிந்துவிடக்கூடும். எது ஆழம், எது மேலோட்டம் என்று காட்டும் அடையாளம் அந்தத் தாளில் எதுவும் இல்லை. பள்ளிப் பாடநூலின் பக்க எண்ணிக்கை செய்துவந்த வேலையைக் கல்லூரியில் பேராசிரியரின் குரல் செய்கிறது. அவர் எங்கே நிறுத்துகிறார், எதைத் திரும்பச் சொல்கிறார், எதைக் கரும்பலகையில் எழுதுகிறார் என்பதைக் கவனிக்கத் தெரிந்தவருக்கே பாடத்தின் எல்லை புலப்படும்.

இந்தத் தாவலுக்கு ஒருகாலத்தில் தனியாக ஓராண்டு ஒதுக்கப்பட்டிருந்தது. பதினோராம் வகுப்போடு பள்ளிப் படிப்பு முடிந்த அக்காலத்தில், பட்டப்படிப்புக்கு முன் கல்லூரிக்குள்ளேயே புகுமுக வகுப்பு, மக்கள் வழக்கில் பி.யூ.சி., ஓராண்டு நடந்தது. தமிழ்வழியில் படித்து வந்தவர் ஆங்கில விரிவுரையைக் கேட்டுத் திகைப்பதும், குறிப்பெடுக்கத் தெரியாமல் விழிப்பதும், பின்னர் ஒருவாறு தேறுவதும் அந்த ஆண்டிலேயே நிகழ்ந்தன. பி.யூ.சி.யைப் பொற்காலமாக எண்ணிவிடக் கூடாது. அதிலேயே தோற்றுப் படிப்பை விட்டவர்கள் ஊருக்கு ஊர் உண்டு, மருத்துவத்திற்கும் பொறியியலுக்கும் செல்லும் வழி அந்த ஒரே ஆண்டின் மதிப்பெண்ணில் அடங்கியிருந்தது. எனினும் 1978இல் மேல்நிலைக் கல்வி பள்ளிகளுக்குச் சென்றபோது, ஈராண்டுப் படிப்பு பள்ளிக்குக் கிடைத்தது. கல்லூரியில் தடுமாறுவதற்கென்று இருந்த ஓராண்டு மறைந்தது. அந்த இடைவெளியை நிரப்புவதற்காகவே இன்று சில கல்லூரிகள் பிரிட்ஜ் கோர்ஸ் என்ற இணைப்பு வகுப்புகளை நடத்துகின்றன. தமிழ்நாடு மாநில உயர்கல்வி மன்றம் வகுத்து 2023 முதல் நடைமுறைக்கு வந்த மாதிரிப் பாடத்திட்டமும் முதல் பருவத்தில் ஓர் அடித்தளப் பாடத்தைச் சேர்த்திருக்கிறது. நோக்கம் சரியானதே. ஆனால் அதற்கும் அலகுகளும் மதிப்பெண்ணும் தேர்வும் உண்டு என்பதால், தடுமாற்றத்தைப் போக்க வந்த பாடம் மாணவர் கணக்கில் இன்னொரு பேப்பராகிவிடுகிறது.

கால அட்டவணையும் முதல் வாரத்தில் தன் பங்குக்குக் குழப்புகிறது. பல கல்லூரிகளில் வகுப்புகள் திங்கள், செவ்வாய் என்று கிழமைப்படி நடப்பதில்லை; டே ஆர்டர் என்னும் நாள் வரிசைப்படி, ஒன்று முதல் ஆறு வரை எண்ணிட்ட வேலைநாட்களாகச் சுழல்கின்றன. விடுமுறை குறுக்கிட்டால் வரிசை அழிவதில்லை, மறுநாளுக்கு நகர்கிறது. சனிக்கிழமை வகுப்பில்லாத கல்லூரியில் முதல் திங்கள் முதலாம் நாள் என்றால் அடுத்த திங்கள் ஆறாம் நாள். எந்தப் பாடமும் தொடர்ந்து விடுமுறையில் சிக்கிப் பின்தங்கிவிடக் கூடாது என்பதற்கான நியாயமான ஏற்பாடு இது. இருந்தாலும், "இன்னைக்கு என்ன டே ஆர்டர்?" என்று பேருந்து நிறுத்தத்தில் கேட்டுக்கொள்ளும் முதலாண்டு மாணவர்கள், கிழமை என்ற பழைய பிடிமானத்தையும் அந்த வாரத்தில் இழக்கிறார்கள்.

நாளொன்றுக்கு ஐந்து மணி நேரம் என்ற கணக்கில் ஆறு நாள் சுற்றுக்கு அமையும் முப்பது மணி நேரத்தில் பகுதி ஒன்று தமிழும் பகுதி இரண்டு ஆங்கிலமும் கணிசமான இடத்தைப் பெறுகின்றன. மேஜர் எனப்படும் முதன்மைப் பாடமும் அலைட் எனப்படும் துணைப்பாடமும் பகுதி மூன்றில் அடங்கும். இயற்பியல் படிக்க வந்தவரும் வணிகவியல் படிக்க வந்தவரும் ஒரே கூடத்தில் அமர்ந்து கேட்கும் தமிழ் வகுப்பு, முதல் வாரத்தில் பலருக்கு மூச்சு விடுமிடமாக இருக்கிறது. சொல்லப்படுவது புரிகிறது என்பதே காரணம். முதன்மைப் பாட வகுப்பில் நிலைமை வேறு. ஆங்கிலவழி என்று பெயர் கொண்ட வகுப்பிலும் விளக்கம் பெரும்பாலும் தமிழிலேயே நடக்கிறது. கலைச்சொற்கள் ஆங்கிலத்தில் கரும்பலகைக்கு வருகின்றன. தேர்வில் முழு வாக்கியமாக ஆங்கிலத்தில் எழுத வேண்டியிருக்கிறது. முதல் வார நோட்டுப் புத்தகம் ஒன்றைப் புரட்டினால் இது கண்கூடு: பக்கத்தின் மேலே ஆங்கிலத்தில் ஒரு தலைப்பு, அதன்கீழ்ப் பாதியில் நின்றுபோன ஓர் ஆங்கில வரையறை, ஓரத்தில் தமிழில் அவசரமாகக் கிறுக்கிய இரண்டு சொற்கள், பிறகு அரைப்பக்கம் வெற்றிடம். காது வாங்கியதைக் கை எழுதுவதற்குள் ஒரு மொழிபெயர்ப்பு நடந்தாக வேண்டும். அந்த நேரத்தில் அடுத்த வாக்கியம் போய்விடுகிறது.

இதற்கு நம் கல்லூரிகள் கண்டுகொண்ட தீர்வு 'நோட்ஸ் கொடுப்பது'. அதாவது, விளக்கம் முடிந்ததும் பேராசிரியர் ஒவ்வொரு வாக்கியமாகச் சொல்லச் சொல்ல வகுப்பு முழுவதும் குனிந்து எழுதுவது. இது பழைய நோய்தான். பாரிஸ் பல்கலைக்கழகத்தின் கலைப் புல ஆசிரியர்கள் 1355இல் ஒரு விதி இயற்றி, மாணவர் எழுதிக்கொள்ளும் வேகத்தில் மெதுவாகச் சொல்லும் முறையைத் தடைசெய்தார்கள். எவரும் எழுதவில்லை என்பதுபோல இயல்பான வேகத்தில் பேச வேண்டும் என்றார்கள். இதை எதிர்த்துக் கூச்சலிடும், கல்லெறியும் மாணவர்களுக்கும் அதே விதியில் தண்டனை உண்டு. நூல்கள் கையெழுத்துப் படிகளாக மட்டுமே கிடைத்த காலத்து மாணவர்களின் கோபம் விளங்கிக்கொள்ளக்கூடியது. அச்சும் நகலெடுப்பும் கைப்பேசியும் வந்தபிறகும் சொல்லி எழுதவைப்பது நீடிப்பதற்குக் காரணம், பாடநூல் என்ற அந்தப் பழைய ஒப்பந்தத்தை எப்படியாவது மீண்டும் செய்துகொள்ள இருதரப்பும் விரும்புவதே. நோட்ஸ் கொடுப்பவரை மாணவர் நல்லாசிரியர் என்கிறார். கொடுக்காதவரை 'நல்லா பேசுவார், ஆனா எழுத முடியாது' என்கிறார்.

பேராசிரியர்களைப் பற்றிய இத்தகைய தீர்ப்புகள் வாரம் முடிவதற்குள் உறுதிப்பட்டுவிடுகின்றன. யார் வருகைப் பதிவில் கறார், யார் முதல் மணி நேரம் முழுவதையும் அறிமுகத்திலேயே கழிப்பவர் என்ற செய்தி சீனியர்கள் வழியாக முன்பே வந்து சேர்ந்திருக்கும். மாணவர் கண்ணுக்குத் தெரியாதது வேறொன்று. அவருக்கு எல்லோரும் 'புரொபசர்'தான். உதவிப் பேராசிரியர், இணைப் பேராசிரியர், பேராசிரியர் என்ற படிநிலையோ, தொகுப்பூதியத்தில் பணியாற்றும் கௌரவ விரிவுரையாளர் யார் என்பதோ முகத்தில் எழுதியிருப்பதில்லை. அரசுக் கல்லூரிகளில் கற்பிக்கும் பொறுப்பில் பெரும்பங்கு இந்தக் கௌரவ விரிவுரையாளர்களுடையது. தம் அடுத்த ஆண்டு வேலை உறுதியில்லாத ஒருவர், உயர்கல்வி உறுதியான வாழ்வைத் தரும் என்று நம்பி வந்தவர்களின் முன் நின்று வகுப்பெடுக்கிறார். அந்த வகுப்பு பல நேரங்களில் மற்றெல்லாவற்றையும்விட நன்றாகவே இருக்கிறது என்பது இதில் உள்ள முரணைக் குறைப்பதில்லை.

முதல் வாரத்தின் எஞ்சிய நேரம் தாள்களில் போகிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009ஆம் ஆண்டு விதிகளின்படி ராகிங்கில் ஈடுபட மாட்டேன் என்று மாணவரும் பெற்றோரும் தரும் உறுதிமொழி. தமிழ்நாட்டில் அதற்கான தடைச் சட்டம் 1997 முதலே உண்டு. அரசுப் பள்ளியில் படித்து வந்தோருக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களுக்கான வங்கிக் கணக்கு விவரம். இதற்கிடையில் பெயர் கூப்பிடும்போது யாரோ ஒருவர் பழக்கதோஷத்தில் "உள்ளேன் ஐயா" என்று சொல்ல, வகுப்பு சிரிக்க, மறுநாள் அவரும் "பிரசென்ட் சார்" ஆகிவிடுகிறார். 75 விழுக்காடு வருகை இல்லாவிட்டால் தேர்வெழுத முடியாது என்பதும், மொத்த மதிப்பெண்ணில் ஒரு பகுதி, பரவலான வழக்கில் நூற்றுக்கு 25, அகமதிப்பீடு என்ற பெயரில் துறையின் கையிலேயே இருக்கிறது என்பதும் எச்சரிக்கையின் தொனியில் சொல்லப்படுகின்றன. வகுப்பும் இன்னும் நிறைந்திருக்காது; கலந்தாய்வின் அடுத்த சுற்றில் சிலர் வருவார்கள், பொறியியலில் இடம் கிடைத்த சிலர் டி.சி. வாங்கிக்கொண்டு போவார்கள்.

இத்தனை தாள்களுக்கிடையில் பல கல்லூரிகளில் தாமதமாகும் ஒன்று நூலக அட்டை. சேர்க்கை முடிய வேண்டும், பதிவெண் வர வேண்டும், புகைப்படம் ஒட்ட வேண்டும். பார்வை நூல்களின் பெயர்களை நோட்டில் எழுதிக்கொண்ட அதே வாரத்தில் அவற்றை எடுத்துப் பார்க்க வழியில்லாததால், மாணவர் கல்லூரி வாசலுக்கு எதிரே உள்ள ஜெராக்ஸ் கடைக்குப் போகிறார். அங்கே சென்ற ஆண்டு சீனியரின் நோட்ஸும் ஐந்தாண்டு வினாத்தாள்களும் பக்கக் கணக்கில் விலைக்குக் கிடைக்கின்றன. நூலக அட்டை கைக்கு வரும்போது முதல் அகமதிப்பீட்டுத் தேர்வுக்கு அந்த நகல்களிலிருந்தே படித்தாகியிருக்கும்.